வெளியுறவு அமைச்சரிடம் ஒரு கணக்கைக் கேட்டு வாங்குவது

நாடாளுமன்றக் கேள்வி நேரத்தில் வெளியுறவுத் துறை பதில் சொல்லும் நாள் மக்களவையில் வெள்ளிக்கிழமை, மாநிலங்களவையில் வியாழக்கிழமை. டெல்லியில் ஒரு எம்.பி.யின் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தபோது நான் முதலில் மனதில் ஏற்றிக்கொண்டது இதைத்தான். அமைச்சகங்களை ஐந்து குழுக்களாகப் பிரித்து வாரத்தின் ஐந்து நாட்களுக்கும் பங்கிட்டிருக்கிறார்கள். அதில் வெள்ளிக்கிழமை கொஞ்சம் ராசியில்லாத நாள். மதியத்துக்கு மேல் அமைச்சர் அல்லாத உறுப்பினர்களின் தனிநபர் மசோதாக்களும் தீர்மானங்களும்தான் என்பதால் பல உறுப்பினர்களின் மனசு காலையிலேயே விமான நிலையத்துக்குப் போய்விடும். நாட்டின் வெளியுறவு பற்றிய கேள்விகள் எழும் 11 மணிக்கு அவையில் காலி இருக்கைகளும் கணிசமாகவே தெரியும்.

எங்கள் எம்.பி.யின் தொகுதி கடலோரம். ராமநாதபுரமா, புதுக்கோட்டையா, நாகப்பட்டினமா என்பதை விட்டுவிடுகிறேன், எங்கே கேட்டாலும் பிரச்சினை ஒன்றுதான். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போகும் மீனவர்கள், முன்பெல்லாம் இலங்கையின் ஊர்காவற்றுறையிலோ மன்னாரிலோ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, சில வாரங்களில் எச்சரிக்கையோடு ஊர் திரும்புவார்கள். படகுதான் திரும்பாது. சமீப வருடங்களில் ஆட்களும் திரும்பாமல் போகத் தொடங்கினார்கள். ஆறு மாதம், ஒரு வருடம் என்று தண்டனை விழுந்தது. ஒரே படகில் போனவர்களில் சிலர் வந்துவிட, படகை ஓட்டியவர் மட்டும் சிறையில் கிடந்தார். மீனவர் சங்கத் தலைவர் போனில் கேட்டது இதுதான்: "தம்பி, மொத்தம் எத்தனை பேரு உள்ள இருக்கான், அதுல தண்டனை ஆனவன் எத்தனை, வழக்கு நடக்குறவன் எத்தனை? இத மட்டும் அரசாங்க வாயால சொல்லச் சொல்லு."

ரொம்பத் தெளிவான கேள்வி. ஆனால் சங்கத்திலிருந்து லெட்டர்பேடில் வந்த வாசகம் வேறு மாதிரி இருந்தது. இலங்கைக் கடற்படையின் அராஜகப் போக்கை மத்திய அரசு வேடிக்கை பார்ப்பது ஏன், கச்சத்தீவை எப்போது மீட்கும் என்று போனது அது. மேடையில் பேசினால் கைதட்டல் வரும். அவையில் கேட்பதற்கான நோட்டீஸாக எழுதிக் கொடுத்தால் மக்களவைச் செயலகம் எடுத்துக்கொள்ளாது. அவையின் நடைமுறை விதிகளில் 41-வது விதி என்று ஒன்று இருக்கிறது. கேள்வி சாதாரணமாக 150 சொற்களைத் தாண்டக் கூடாது, வாதம், கிண்டல், அடைமொழி, குற்றச்சாட்டு எதுவும் இருக்கக் கூடாது, அமைச்சரின் கருத்தைக் கேட்கக் கூடாது, 'இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்' என்ற கற்பனைக் கேள்வி கூடாது, ஏற்கெனவே பதில் சொன்னதைத் திரும்பக் கேட்கக் கூடாது. வெளியுறவுத் துறைக்கென்றே எழுதியது போல இன்னொன்றும் உண்டு: நட்பு நாட்டை மரியாதைக் குறைவாகக் குறிப்பிடக் கூடாது. 'அராஜகம்' அங்கேயே அடிபட்டுவிடும்.

கச்சத்தீவையும் எடுத்துவிடலாம் என்று நான் சொன்னபோது எங்கள் சாருக்குக் கோபம் வந்தது. தமிழ்நாட்டு எம்.பி. கச்சத்தீவைக் கேட்காமல் வேறு யார் கேட்பது என்றார். நியாயம்தான். ஆனால் கச்சத்தீவு இலங்கை வசமாகக் காரணமான 1974, 1976 இந்திய-இலங்கை உடன்பாடுகளை எதிர்த்து 2008-ல் ஜெயலலிதாவும் 2013-ல் கருணாநிதியும் உச்ச நீதிமன்றம் போனார்கள். அதன்பிறகு அந்தப் பெயர் வந்தாலே, 'விவகாரம் நீதிமன்றத்தின் முன் உள்ளது' என்ற பத்தியைப் பழைய பதில்களில் மறுபடி மறுபடி பார்க்கலாம். அந்தப் பத்தியின் நிழலில் மற்ற உட்கேள்விகளும் மெலிந்துபோகும். இரண்டையும் தனித்தனி நோட்டீஸாகக் கொடுப்பது என்று பேசி முடித்தோம். இது என் சொந்தக் கணிப்பு, ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள்.

பழைய பதில்களைப் படிப்பது இந்த வேலையில் பாதி. நாடாளுமன்ற இணையதளத்திலும் வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்திலும் பல வருடப் பதில்கள் அப்படியே கிடக்கின்றன. நாலைந்து கூட்டத்தொடர்களின் பதில்களை வரிசையாகப் படித்தால் எந்தக் கேள்விக்கு எந்தப் பத்தி வரும் என்று நமக்கே தெரிந்துவிடும். மீனவர் விவகாரம் என்றால், மிக உயர்ந்த மட்டத்தில் இலங்கை அரசிடம் எடுத்துச் சொல்லப்பட்டது, மனிதாபிமான, வாழ்வாதார அடிப்படையில் அணுகும்படி வலியுறுத்தப்பட்டது, எந்தச் சூழலிலும் பலப் பிரயோகம் கூடாது என்று கூறப்பட்டது, 2016-ல் அமைத்த கூட்டுப் பணிக்குழு பேசிவருகிறது என்று போகும். வெளிநாட்டுச் சிறைகளில் உள்ள இந்தியர்கள் என்று கேட்டால், பல நாடுகளில் தனியுரிமைச் சட்டங்கள் கடுமையாக இருப்பதால் கைதியின் சம்மதம் இல்லாமல் அங்குள்ள அதிகாரிகள் தகவல் தருவதில்லை என்ற பத்தி வரும். இவை பொய் இல்லை. நாம் கேட்டதற்குப் பக்கத்தில் நிற்கும் பதில்கள், அவ்வளவுதான்.

கேள்வியின் அமைப்பிலேயே ஒரு பள்ளம் இருக்கிறது. வழக்கமான வடிவம் இப்படி: (அ) இன்னது நடப்பது அரசின் கவனத்துக்கு வந்துள்ளதா, (ஆ) ஆம் எனில் அதன் விவரம், (இ) எடுக்கப்பட்ட நடவடிக்கை. முதல் உட்கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்துவிட்டால் மற்றதெல்லாம் 'எழவில்லை'. கேள்வியே எழவில்லையாம். ஆகவே 'உள்ளதா' என்று தொடங்காமல் எடுத்த எடுப்பில் எண்ணிக்கையைக் கேட்பது நல்லது: இன்ன தேதி நிலவரப்படி இலங்கைக் காவலில் உள்ள இந்திய மீனவர்கள் எத்தனை பேர், அவர்களில் தண்டனை அனுபவிப்பவர்கள் எத்தனை, விசாரணையில் உள்ளவர்கள் எத்தனை. தேதி போடுவது முக்கியம். போடாவிட்டால் சில வருடங்களின் மொத்தக் கைது எண்ணிக்கையைத் தந்துவிட்டு, அதில் எத்தனை பேர் விடுதலை ஆனார்கள் என்று முடித்துவிடலாம்.

படகுகளுக்கு இழப்பீடு என்பதையும் இதே நோட்டீஸில் சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்திருந்தால் மொத்தமும் மீன்வளத் துறைக்கு மாறிப்போக வாய்ப்புண்டு. எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று ஒரு அமைச்சகம் எழுதினால் கேள்வி வேறு அமைச்சகத்துக்கும் வேறு நாளுக்கும் போய்விடும். அதனால் இழப்பீடு தனியாகப் போனது.

நோட்டீஸ் கொடுப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தொடர் அறிவிப்போடு எந்த அமைச்சகம் எந்தத் தேதியில் பதில் சொல்லும், அதற்கு நோட்டீஸ் கொடுக்கும் காலம் எது என்ற அட்டவணை வரும். குறைந்தது 15 முழு நாட்கள் முன்னதாகக் கொடுக்க வேண்டும். இப்போது பெரும்பாலும் இணையத்தில்தான். உறுப்பினரின் கணக்கில் நுழைய அவர் போனுக்கு ஓடிபி வரும், அந்த நேரம் பார்த்து அவர் ஏதாவது கல்யாண வீட்டில் இருப்பார். முன்னுரிமையைக் கணினிக் குலுக்கல் தீர்மானிக்கும். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்டவை 20, குறியிடாதவை 230. நட்சத்திரம் என்றால் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வி கேட்கலாம். குறியில்லாததற்கு எழுத்தில் பதில் வரும், அதோடு சரி. ஒரு உறுப்பினருக்கு ஒரு நாளில் ஒரு நட்சத்திரம்தான். நட்சத்திரக் கேள்விகள் பச்சைத் தாளில் அச்சாகும், குறியில்லாதவை வெள்ளையில். எங்களுக்கு முதல் முறை வெள்ளைதான் விழுந்தது.

வந்த பதிலில் எண்ணிக்கை இருந்தது. ஆனால் தண்டனை, விசாரணை என்ற பிரிவு இல்லை. (அ) முதல் (ஈ) வரை சேர்த்து ஒரே பதில், மேலே சொன்ன பத்திகளோடு. உட்கேள்விகளை மொத்தமாகச் சேர்த்துப் பதில் சொல்வது அமைச்சகங்களின் பழைய வித்தை. நாலு கேள்வியில் எது விடுபட்டது என்று தேடிப் பார்த்தால்தான் தெரியும். 'தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்' என்று எழுதியிருந்தாலாவது நமக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். அது உறுதிமொழியாகக் கணக்கில் ஏறி, மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டியதாகி, அரசின் உறுதிமொழிகளுக்கான குழு பின்னால் துரத்தும். இங்கே அதுவும் இல்லை.

அடுத்த கூட்டத்தொடரில் நட்சத்திரம் கிடைத்தது. பட்டியலில் பின்வரிசை எண். இருபது கேள்விகள் அச்சாகும், ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு தாண்டினாலே நல்ல நாள் என்பதால் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் தயார் செய்தோம். கேட்டவருக்கு இரண்டு துணைக் கேள்விகள். முதலாவதில் எண்ணிக்கையின் பிரிவு, இரண்டாவதில் தண்டனை பெற்றவர்களின் மேல்முறையீட்டுக்குத் தூதரகம் வழக்கறிஞர் ஏற்பாடு செய்கிறதா. தமிழில் கேட்பதா ஆங்கிலத்திலா என்று ஒரு விவாதமும் நடந்தது. தமிழில் கேட்பதென்றால் மொழிபெயர்ப்புக்காக முன்கூட்டிச் சொல்லிவைப்பது நல்லது. அமைச்சர் ஜெய்சங்கருக்கே தமிழ் தெரியும், ஆனால் ஊரில் டிவி பார்ப்பவர்களுக்கும் புரிய வேண்டுமே என்று தமிழைத் தேர்ந்தார் சார். அன்று காலை அவை கூடிய சில நிமிடங்களில் வேறு ஏதோ பிரச்சினைக்காகக் கூச்சல், ஒத்திவைப்பு. நட்சத்திரக் கேள்விகளெல்லாம் எழுத்துப் பதில்களாக மாறின. தயாரித்த தாள் பையிலேயே இருந்தது.

கடைசியில் வாய்ப்பு வந்தது வேறொருவரின் கேள்வியில். வளைகுடாவில் வேலை செய்யும் இந்தியர்கள் பற்றிய நட்சத்திரக் கேள்வி அது. கேட்டவர் இரண்டு துணைக் கேள்விகளை முடித்ததும் சபாநாயகர் விரும்பினால் மற்றவர்களுக்கும் ஒவ்வொன்று தருவார். சார் கையைத் தூக்கிக்கொண்டே இருந்து வாங்கிவிட்டார். வளைகுடாவிலிருந்து இலங்கைச் சிறைக்கு அரை வாக்கியத்தில் தாவினார். கேள்வியின் பொருளுக்கு வெளியே போகக் கூடாது என்று தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை. பதில் சொல்ல எழுந்தவர் இணையமைச்சர். அமைச்சர் வெளிநாட்டில் இருக்கும் நாட்களில் இணையமைச்சர்தான் பேசுவார், வெளியுறவுத் துறையில் அது அடிக்கடி நடக்கும். தூதரக அதிகாரிகள் சிறைக்குப் போய்ப் பார்க்கிறார்கள், சட்ட உதவி செய்கிறார்கள் என்று பொதுவாகச் சொன்னார். எண்ணிக்கை கையில் இல்லை. வளைகுடாக் கேள்விக்குத் தயாராகி வந்தவரிடம் அது இருக்கவும் முடியாது.

நாங்கள் கேட்ட கணக்கு வந்தது மாநிலங்களவையில், 2025 மார்ச் 27 வியாழக்கிழமை. அன்று ஜெய்சங்கர் எழுந்து சொன்னதை டிவியில் பார்த்துக்கொண்டே எழுதிக்கொண்டேன். முந்தைய நாள்வரை காவலில் 86 பேர், அன்று ஒரு விசைப்படகோடு 11 பேர் பிடிபட்டார்கள், ஆக 97. அதில் 83 பேர் தண்டனை அனுபவிப்பவர்கள், 3 பேர் விசாரணைக்குக் காத்திருப்பவர்கள், மீதி அன்று பிடிபட்டவர்கள். அதோடு நிற்காமல் காரணத்தையும் சொன்னார். இலங்கையின் 1996-ம் ஆண்டு மீன்வளச் சட்டமும் வெளிநாட்டு மீன்பிடிப் படகுகள் தொடர்பான 1979-ம் ஆண்டுச் சட்டமும் 2018-லும் 2023-லும் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாகிவிட்டன. உள்ளே இருப்பவர்களில் பலர் படகு உரிமையாளர்கள், படகை ஓட்டியவர்கள், அல்லது ஏற்கெனவே பிடிபட்டவர்கள். 1974, 1976 முடிவுகளிலிருந்துதான் பிரச்சினை தொடங்குகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டார். அது அரசியல், அதற்கு அன்றே எதிர்ப்பேச்சும் இருந்தது. எனக்கு வேண்டியது 83 என்ற எண்ணும் அதன் பின்னால் இருந்த காரணமும். எழுத்துப் பதில் முன்கூட்டியே தயாராகி, பல மேஜைகளில் கையெழுத்தாகி வரும். வாய்மொழிப் பதிலில்தான் அன்று காலை நடந்த கைதுகூட இடம்பெற முடிகிறது.

சங்கத் தலைவருக்குப் போன் செய்து வாசித்துக் காட்டினேன். "படகு ஓட்டுறவன்தான் மாட்டுறான்னு நாங்க சொன்னோம்ல" என்றார். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். ஆனால் அமைச்சரே அவையில் சொன்னதாக மனுவில் எழுத முடிந்தது. அடுத்த நோட்டீஸை இந்தப் பதிலின் மேலேயே கட்டினோம்: தண்டனை பெற்றவர்களில் படகை ஓட்டியவர்கள் எத்தனை, உரிமையாளர்கள் எத்தனை, இரண்டாம் முறை பிடிபட்டவர்கள் எத்தனை. அமைச்சரின் வாயிலிருந்தே வந்த வகைப்பாடு என்பதால், அப்படிப் பிரித்து வைப்பதில்லை என்று சொல்வது கொஞ்சம் கடினம்.

இதைப் படித்துவிட்டு யாராவது தங்கள் எம்.பி.யிடம் போவதாக இருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு குறிப்பிட்ட ஆளை வெளியே கொண்டுவர நாடாளுமன்றக் கேள்வி உதவாது. நோட்டீஸ் கொடுத்துப் பதில் வருவதற்குள் மூன்று வாரம் போய்விடும், வருவதும் பொதுவான பதிலாகவே இருக்கும். அதற்கு எம்.பி. அமைச்சருக்கு எழுதும் கடிதமும், யாழ்ப்பாணத்தில் 2010 முதல் இயங்கும் இந்தியத் துணைத் தூதரகத்துக்கு ஒரு பிரதியும்தான் வேகம். கடிதத்தில் ஆளின் பெயர், பிடிபட்ட தேதி, படகின் பதிவு எண், எந்த நீதிமன்றம், அடுத்த வாய்தா எப்போது என்ற ஐந்தும் இருந்தால் அங்கிருப்பவர் உடனே தேடத் தொடங்கலாம். படகு எண் இல்லாமல் வரும் மனுக்கள்தான் அதிகம். எத்தனை பேர், எந்தச் சட்டத்தில், எவ்வளவு காலம் என்பவைதான் கேள்வி நேரத்துக்கு உரியவை. மாவட்ட வாரியான கணக்கு வேண்டுமென்றால் டெல்லி வரை வர வேண்டியதில்லை, உங்கள் ஊர் மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.