மைக் மில்ஸின் பேஸும் எங்கள் கல்யாண மண்டபமும்

அமெரிக்க ராக் குழுவான ஆர்.இ.எம்.மின் முதல் ஆல்பமான ‘மர்மர்’ பற்றிப் பேச்செடுத்தால், ராக் கேட்கிறவர்கள் உடனே ‘பேர்ட்ஸ்’ குழுவின் பாதிப்பு என்பார்கள். ஆர்.இ.எம்.மில் கிட்டார் வாசித்த பீட்டர் பக் கையில் இருந்தது ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் கிட்டார்; அறுபதுகளில் பேர்ட்ஸின் ரோஜர் மெக்குவின் வாசித்ததும் ரிக்கன்பேக்கர். வழக்கு முடிந்தது, தீர்ப்பும் வந்துவிட்டது! எனக்கு அதில் உடன்பாடில்லை.

கோலாலம்பூர் கல்யாண மண்டபங்களில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன் நான். விருந்தினர் பாடகரைப் பார்ப்பார்கள், பிறகு பிரியாணியைப் பார்ப்பார்கள். ஆனால் இளையராஜா பாடல்களை வாசித்துப் பழகியவனுக்குத் தெரியும், பேஸ் என்பது தாளத்துக்கு முட்டுக் கொடுக்கும் கம்பம் மட்டுமல்ல. அதற்கும் தனியாக ஒரு மெட்டு உண்டு. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து எல்ஆர்டி ரயில் பிடித்து, தாமான் ஜெயாவில் இறங்கி, அம்கார்ப் மால் வார இறுதிச் சந்தையில் வாங்கிய ‘மர்மர்’ இசைத்தட்டைச் சுழலவிட்டதும் என் காது நேராக அந்தக் குழுவில் பேஸ் வாசித்த மைக் மில்ஸிடம்தான் போனது. பக் கார்டுகளை, அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்களை, மொத்தமாக அடிக்காமல் ஒவ்வொரு தந்தியாகப் பிரித்து மீட்டுகிறார். அதனால் கீழே இடம் கிடைக்கிறது. அந்த இடத்தில் மில்ஸ் பாடிக்கொண்டே போகிறார்.

ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரில் ஓர் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தவர் பக். பாடகர் மைக்கேல் ஸ்டைப்புடன் பழக்கம் ஏற்பட்டதும் அங்கேதான். இருவருக்கும் பிடித்தவை நியூயார்க் ராக் பாடகி பேட்டி ஸ்மித், அந்த ஊர்க் குழுக்களான ‘டெலிவிஷன்’, ‘வெல்வெட் அண்டர்கிரவுண்ட்’. இந்தப் பாதிப்புகளை மெட்டுகளில் தேடினால் அதிகம் அகப்படாது. எதைச் செய்யக்கூடாது என்ற பிடிவாதத்தில்தான் அவை தெரிகின்றன. கிட்டார் சோலோ வேண்டாம், அன்று எல்லோரும் ஓடிப்போய் வாங்கிய சிந்தசைசர் வேண்டாம், பாடகர் குரல் எல்லாவற்றுக்கும் மேலே ஏறி நிற்கவும் வேண்டாம்.

முதலில் அமர்த்தப்பட்ட தயாரிப்பாளர் ஸ்டீபன் ஹேக் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்து, பிறகு அதன் மேல் கீபோர்டும் சேர்த்தார். குழுவுக்கு அது ஒத்துவரவில்லை. 1983 தொடக்கத்தில் மிட்ச் ஈஸ்டர், டான் டிக்சன் என்ற வேறு இரு தயாரிப்பாளர்களுடன் வட கரோலினாவின் சார்லட் நகரில் பதிவு செய்தார்கள். அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாக ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் தேர்ந்தெடுத்தது இதைத்தான். மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ உலகத்தையே ஆட்டிவைத்துக்கொண்டிருந்த நேரம் அது.

எங்கள் கீபோர்டுக்காரருக்கு இதைப் போட்டுக் காட்டினேன். “பாடுகிறவர் வாயைத் திறந்தால் என்ன தம்பி?” என்றார். ஸ்டைப் முணுமுணுக்கிறார் என்பது உண்மைதான். குரலும் ஒரு வாத்தியமாகக் கலந்துவிடுவது எனக்குப் பிடித்திருக்கிறது. அண்ணனுக்குப் பிடிக்கவில்லை, வற்புறுத்தவில்லை.

கேட்க நினைப்பவர்கள் ‘பில்கிரிமேஜ்’ பாட்டில் தொடங்கலாம். கைப்பேசியின் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம். மில்ஸ் அதில் காணாமல் போய்விடுவார்.