உடையாமல் களஞ்சியம் சேர: சோயா அறுவடை நாட்குறிப்பு

செப்டம்பர் 26

இலை மொத்தமும் உதிர்ந்து, நெற்றெல்லாம் பழுப்பேறிவிட்டது. இன்னும் அரிவாளை எடுக்கவில்லை. நெற்று நிறம் மாறினாலும் மணிக்குள் ஈரம் தங்கியிருக்கும். நல்ல வெயில் இருந்தால் ஐந்திலிருந்து பத்து நாளில் 15 சதவீதத்துக்குக் கீழே வரும். நெற்றைக் குலுக்கினால் கலகலக்கிறது. ஆனால் ஈரமானி 17 காட்டுகிறது. காதைவிட அதை நம்புகிறேன்.

செப்டம்பர் 30

இன்று 14. சரியான பதம். இதற்கு மேல் விட்டால் ஆபத்து: 11க்குக் கீழே காய்ந்த நெற்று கை பட்டாலே வெடிக்கும், மணியும் இரண்டாகப் பிளக்கும்.

அறுப்புக்கு முன் களை பிடுங்கினோம். முக்கியமாக மணத்தக்காளி. அதன் பழம் மெஷினில் நசுங்கினால் சாறு மணியில் ஒட்டி, அதன்மேல் தூசியும் மண்ணும் அப்பிக்கொள்ளும். எந்தச் சல்லடையாலும் அந்தக் கறையை எடுக்க முடியாது.

அக்டோபர் 1

பனி உலர்ந்ததும் தொடங்கி, உச்சிவெயிலுக்குள் நிறுத்தினோம். செடியை வேரோடு பிடுங்கவே கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். வேரில் வரும் மண்கட்டி உடைந்து மணி அளவுக்கு ஆகிவிட்டால் பிறகு பொறுக்கிக்கொண்டே உட்கார வேண்டியதுதான். அதே சமயம் உயரத்தில் அறுத்தால் அடிநெற்று தாளோடு நின்றுவிடும்.

அறுத்த இடத்தில் ஒரு சதுர மீட்டரில் சிந்திய மணியை எண்ணிப் பார்ப்பது நல்ல பழக்கம். நாற்பத்துச் சொச்சம் கிடந்தாலே ஹெக்டேருக்கு 65 கிலோ மண்ணுக்குப் போயிற்று என்று கணக்கு.

அக்டோபர் 3

அடிப்பு. மெஷின்காரர் வந்ததும், நெற்றை அடித்து மணி பிரிக்கும் டிரம்மை முழு வேகத்தில் முடுக்கினார்.

"அண்ணே, வேகத்தைக் குறைங்க. நிமிஷத்துக்கு 350, 400 சுத்துக்கு மேல வேண்டாம்."

"அப்ப பொழுது சாஞ்சிடுமே தம்பி."

"சாயட்டும்ணே."

சோயாவின் தோல் மிக மெல்லியது. முளைவேர் அந்தத் தோலுக்கு அடியிலேயே ஒட்டிக் கிடக்கிறது. அடி பலமாக விழுந்தால், வெளியே முழுசாகத் தெரியும் மணிகூட முளைக்காது. ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போட்டுச் சில நிமிடம் பார்த்தேன். தோல் விரிந்த மணிதான் முதலில் உப்பும். வேகத்தைக் குறைத்தபின் எடுத்த கைப்பிடியில் உப்பியது கொஞ்சமே. மெஷின்காரரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பொழுது சாயும்வரை வேகத்தைக் கூட்டவும் இல்லை.

அக்டோபர் 4

சுத்தம் செய்யும் நாள். முதலில் காற்றில் தூற்றினோம். சருகும் நெற்றுத்தோலும் பறந்தன. மூக்கைக் கட்டிக்கொள்ளாமல் இந்த வேலைக்கு நிற்கக் கூடாது, தூசி அத்தனை பொடி.

பிறகு இரட்டைச் சல்லடை. மேலே வட்டத் துளை, 8 மி.மீ.: மணி இறங்கும், குச்சியும் உடையாத நெற்றும் மேலே நிற்கும். கீழே 4 மி.மீ. நீள்துளை: தட்டையான பிளவுப் பருப்பு வழுகி விழும், முழு மணி நின்றுவிடும். வட்டத் துளையில் பிளவைப் பிரிக்கப் பார்ப்பது வீண். பாதிப் பருப்புக்கும் அகலம் முழு மணியளவுதான், தடிமன்தான் குறைவு.

மணியளவே இருக்கும் களைவிதைதான் மிச்சம். சாய்த்துப் பிடித்த முறத்தில் சோயா உருண்டு ஓடிவிடும், கோணல் விதை தங்கிவிடும். சுருள் சரிவில் உருட்டிவிடும் கருவியும் இதே சங்கதியில்தான் ஓடுகிறது: வேகமாக உருளும் முழு மணி வெளிச்சுற்றுக்குப் போகும், பிளவும் கோணலும் உள்ளேயே வழியும்.

சல்லடைக்கு அடியில் பிளவு அதிகமில்லை. வேலையில் பாதி நேற்று டிரம்மிலேயே முடிந்துவிட்டது.

அக்டோபர் 6

மேகம். மணி காயப்போட்ட தார்ப்பாயைச் சுருட்டினோம். நனைந்து காய்ந்த மணியின் தோல் சுருங்கி வெடிக்கும். சூடான காற்று விட்டு அவசரமாக உலர்த்தினாலும் அதே கதி. விதைக்கென்றால் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது.

அக்டோபர் 9

ஈரம் 12க்கு வந்தது, மூட்டை கட்டினோம். சில மாதத்துக்கு என்றால் 13 போதும். ஒரு வருடம் தாங்க 12, விதைக்கு இன்னும் குறைவு. மணியில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய், ஈரம் மிஞ்சினால் சீக்கிரம் சிக்கு வாடை வரும்.

மூட்டையைத் தோளிலிருந்து தொப்பென்று போட விடவில்லை. பலகைமேல், சுவரைவிட்டுத் தள்ளி, நான்கு ஐந்து அடுக்கு மட்டும். சல்லடையில் கழிந்த உடைசலைத் தனிச் சாக்கில் கட்டி வாசலருகே வைத்திருக்கிறேன். தோலில்லாத அதுதான் முதலில் கெடும், முதலில் வெளியே போக வேண்டியதும் அதுவே.