பழைய கல்லறைத் தோட்டத்தில் கை வைப்பதற்கு முன்

ஊருக்கு ஒதுக்குப்புறமாகப் புதர் மண்டிக் கிடக்கும் கல்லறைத் தோட்டத்தைச் சீர்செய்ய ஒரு குழு கிளம்பினால், முதல் நாளே அரிவாள், கம்பி பிரஷ், ப்ளீச்சிங் பவுடர், சிமென்ட் மூட்டை எல்லாம் வந்து இறங்கிவிடும். இவற்றில் அரிவாளுக்கு மட்டும்தான் அங்கே வேலை. அதற்கும் அவசரம் இல்லை.

முதல் வேலை நிலத்துக்கு உரியவரிடமும், தெரிந்தவரை வாரிசுகளிடமும் அனுமதி வாங்குவது. அடுத்தது வரைபடம். ஒவ்வொரு கல்லுக்கும் எண் கொடுத்து, அது நிற்கும் இடம், சாய்ந்திருக்கும் திசை, விரிசல், எழுத்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு படம் எடுக்க வேண்டும். எழுத்து தேய்ந்திருந்தால் ஆளுயரக் கண்ணாடி ஒன்றைப் பக்கவாட்டில் பிடித்து, வெயிலைக் கல்லின் முகத்தில் சாய்வாக விழச் செய்யுங்கள். வெறுங்கண்ணுக்குத் தட்டுப்படாத எழுத்துகூட நிழல் கட்டித் தெரியும். சாக்பீஸ், மாவு, சவர நுரை பூசிப் படிக்கும் பழக்கம் வேண்டாம். நுரையில் அமிலம் இருக்கிறது. மாவு கல்லின் நுண்துளைகளில் தங்கிப் பூஞ்சைக்குத் தீனியாகும்.

புதரை வெட்டும்போது தரையைச் சமன் செய்யும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். நீள்சதுரமாக உள்வாங்கிய பள்ளம், கல் இல்லாத ஒரு புதைகுழியாக இருக்கலாம். எழுத்தே இல்லாத முரட்டுக் கல்லும் வசதியில்லாத குடும்பம் நட்ட அடையாளமாக இருக்கலாம். அதைப் பொறுக்கிச் சுவரோரம் குவித்துவிட்டால் அந்தக் குழியின் அடையாளமே போய்விடும். வேரோடு எதையும் பிடுங்கக் கூடாது. கல்லும் சேர்ந்து பெயரும். மரக்கன்றைத் தரையோடு அறுத்துவிட்டு வேரை மக்க விடுங்கள். கல்லில் படர்ந்த கொடியை அடியில் வெட்டி, காய்ந்து பிடி தளர்ந்த பிறகு எடுங்கள். பச்சையாக இழுத்தால் கல்லின் மேல்தோலும் கூடவே உரிந்து வரும்.

கழுவுவதற்கு முன் விரல் மடக்கிக் கல்லை லேசாகத் தட்டிப் பாருங்கள். 'டொப்' என்று பொள்ளல் ஓசை கேட்டால் உள்ளே கல்லின் அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. சலவைக்கல்லைத் தடவும்போது சர்க்கரை போல மணி உதிர்ந்தாலும் சரி, அந்தக் கல்லைக் கழுவவே கூடாது. உறுதியான கல்லுக்குச் சுத்தமான தண்ணீரும் மென்மையான நார் பிரஷும் போதும். முதலில் கல் முழுவதையும் நனைக்க வேண்டும். பிறகு கீழிருந்து மேலாகத் தேய்த்துக்கொண்டே அலச வேண்டும். மேலிருந்து தொடங்கினால் அழுக்குநீர் காய்ந்த பகுதியில் இறங்கிக் கோடு விழும். கல்பாசியை நன்றாக ஊற வைத்து, மரச்சில்லால் மெதுவாக நெம்பி எடுக்கலாம், வராததை விட்டுவிடலாம்.

ப்ளீச் போட்ட கல் அன்றைக்குப் பளிச்சென்றுதான் இருக்கும். அதன் உப்பு துளைகளுக்குள் இறங்கி, ஈரம் காயும்போதெல்லாம் படிகமாகி விரிந்து, கல்லை உள்ளிருந்தே உடைக்கும். அமிலம் இன்னும் மோசம். சலவைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் கால்சியம் கார்பனேட் என்பதால் நேரடியாகக் கரையும். கம்பி பிரஷ் கல்லைக் கீறி, இரும்புத் துகளைத் துருக்கறையாக விட்டுப்போகும். உயர் அழுத்த நீர்ப்பீச்சி எழுத்தையே அரித்துவிடும். கல் புதிதுபோல வெளுக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் இத்தனை கேடும் தொடங்குகிறது. பழைய கல் பழையதாகத் தெரிவதில் குற்றமில்லை.

சாய்ந்த கல்லை நிமிர்த்துவது வேறு வகை வேலை. 1.5 மீட்டர் உயரம், 60 செ.மீ. அகலம், 8 செ.மீ. கனமுள்ள சலவைக்கல் ஏறத்தாழ 195 கிலோ இருக்கும். ஆள் மேல் விழுந்தால் உயிர்ச்சேதம்தான். முக்காலித் தூக்குச் சட்டமும், செயின் பிளாக்கும் (சங்கிலியால் பாரம் தூக்கும் கப்பி), அகலமான துணிப்பட்டையும் இல்லாமல் தொடாதீர்கள். சங்கிலி கல்லில் நேராகப் படக் கூடாது.

பீடம் இல்லாமல் நேரே மண்ணில் நட்ட பலகைக்கல்லில், சுமார் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும். கல் நடத் தோண்டிய பள்ளத்தின் அடியில் 10 செ.மீ. ஜல்லியை இட்டு இடிக்க வேண்டும். கல்லை இறக்கியபின் மணலும் பொடி ஜல்லியும் கலந்து, 10 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு இடித்து, ஒவ்வொரு அடுக்குக்கும் ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் வடிந்துபோகும், பின்னால் கல் சாய்ந்தாலும் எளிதாகத் திருத்தலாம்.

இதே இடத்தில் கான்கிரீட் ஊற்றினால், அசைய இடமில்லாத கல் அடுத்த மோதலில் தரைமட்டத்தில் முறியும். கான்கிரீட்டை ஒட்டித் தேங்கும் ஈரமும் உப்பும் அந்த இடத்தையே அரிக்கும். பீடத்தின் பள்ளத்தில் நிற்கும் கல்லுக்கும் சிமென்ட் ஆகாது. சுண்ணாம்பு 1, மணல் 3 என்ற அளவில் சாந்து குழைத்து, சில நாள் ஈரச்சாக்கு போர்த்தி மெதுவாக இறுக விட வேண்டும். சாந்து கல்லைவிட மென்மையாக இருந்தால்தான், விரிசல் சாந்தில் விழும், கல் தப்பும்.

துண்டுகளை இணைக்கப் பழைய ஆட்கள் வைத்த இரும்புக் கம்பிதான் பல கற்களுக்கு எமன். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும்; கல் பிளந்து வழிவிடும். மாற்றுவதானால் துருப்பிடிக்காத எஃகு. துளையிடும் அந்த வேலை கல் பராமரிப்பு தெரிந்தவருடையது. அதுவரை உடைந்த துண்டுகளுக்கு எண் போட்டு, அதே புதைகுழியின் மேல் ஜல்லி பரப்பி அடுக்கி வையுங்கள். பத்திரப்படுத்துகிறேன் என்று எடுத்துப் போன துண்டு திரும்பி வருவது அரிது.

பிறகு ஆண்டுதோறும் புல் வெட்டும் வேலை இருக்கிறது. நைலான் நரம்பு சுழலும் புல்வெட்டி மென்மையான கல்லின் அடியில் தழும்பு போடும். கல்லைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் கத்தரியால் கையால்தான் வெட்ட வேண்டும். களைக்கொல்லியும் வேண்டாம், அதன் உப்பு கல்லில் ஏறும், வேர் செத்த மண் மழையில் கரைந்து கல்லின் பிடியும் போகும்.