வாக்கி-டாக்கி புரோகிராம் ஆகாமல் மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது?

கம்ப்யூட்டரிலிருந்து கையடக்க ரேடியோவுக்குச் சானல் ஏற்றும்போது வரும் பிழைச் செய்தி அநேகமாக ஒன்றுதான்: "ரேடியோவிடமிருந்து பதில் இல்லை." டிரைவர் (கேபிளைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் மென்பொருள்) சரியில்லை என்றாலும் இதுதான் வரும், பிளக் அரை மில்லிமீட்டர் வெளியே நின்றாலும் இதுதான் வரும், மாடலைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தாலும் இதுதான் வரும். மென்பொருளுக்குத் தெரிந்தது அவ்வளவே. காரணத்தைப் பிரித்தறிவது நம் வேலை. அதற்குக் கம்ப்யூட்டரில் தொடங்கி, கேபிள், பிளக், ரேடியோ என்று ஒவ்வொன்றாக நகர வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். டிரைவரையும் மாற்றி, கேபிளையும் மாற்றி, மாடலையும் மாற்றிப் பார்த்து வேலை செய்துவிட்டால், எது கோளாறு என்று கடைசிவரை தெரியாது. அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து.

கீழே உள்ளவை பெரும்பாலும் பாவ்ஃபெங் யூவி-5ஆர் என்ற கையடக்க ரேடியோ, அதே இரட்டை முள் பிளக் கொண்ட மற்ற ரேடியோக்கள், சானல் ஏற்றப் பயன்படும் சர்ப் (CHIRP) மென்பொருள் ஆகியவற்றில் பழகியவை.

முதலில் ரேடியோவைத் தொடவே வேண்டாம். கேபிளை மட்டும் யூஎஸ்பியில் செருகி, விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, போர்ட்ஸ் பிரிவைப் பாருங்கள். கேபிளைப் பிடுங்கினால் மறைந்து, செருகினால் திரும்ப வருகிற காம் (COM) எண் எதுவோ அதுதான் உங்கள் போர்ட். அது ஒவ்வொரு யூஎஸ்பி துளைக்கும் மாறலாம். நேற்று காம் 3 என்று இருந்தது இன்று காம் 5 ஆகியிருக்கும். சர்ப் பழைய எண்ணிலேயே நிற்கும். கேபிளை எப்போதும் ஒரே துளையில் செருகுவது நல்ல பழக்கம்.

அந்த வரியில் மஞ்சள் முக்கோணமும் "கோட் 10" என்ற எண்ணும் தெரிந்தால், கேபிளுக்குள் இருப்பது அநேகமாகப் பழைய பிஎல்2303 வகைச் சிப்போ (யூஎஸ்பியை ரேடியோவுக்கான சீரியல் இணைப்பாக மாற்றுவது) அதன் போலியோதான். விண்டோஸ் தானாக நிறுவும் புதிய டிரைவர் இந்தச் சிப்புகளை ஏற்பதில்லை. சில கம்ப்யூட்டர்களில் "2012 முதல் நிறுத்தப்பட்டது, விற்றவரை அணுகவும்" என்ற பொருளில் சாதனத்தின் பெயரே மாறித் தெரியும். இதற்கு வழி உண்டு. பழைய 3.2.0.0 பதிப்பு டிரைவரை நிறுவிக்கொண்டு, டிவைஸ் மேனேஜரில் "அப்டேட் டிரைவர்" போய், தானாகத் தேடவிடாமல், பட்டியலிலிருந்து அந்தப் பதிப்பை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் விண்டோஸ் அப்டேட் வந்ததும், சில நேரம் வேறு துளையில் செருகியதுமே, புதிய டிரைவர் திரும்பவும் ஏறிக்கொள்ளும். அடிக்கடி புரோகிராம் செய்பவர் இந்தப் போராட்டத்தில் நேரத்தை விடுவதைவிட, அசல் எஃப்டிடிஐ (FTDI) நிறுவனச் சிப் உள்ள கேபிளுக்கு மாறிவிடுவதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

லினக்ஸில் டிரைவர் தொல்லை குறைவு, அனுமதித் தொல்லை உண்டு. உங்கள் பயனர் பெயர் "டயல்அவுட்" குழுவில் இல்லாவிட்டால் போர்ட்டைத் திறக்க முடியாது. குழுவில் சேர்த்தபின் வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். உபுண்டு 22.04-ல் இன்னொரு சிக்கல்: சிஎச்340 என்ற இன்னொரு வகைச் சிப் உள்ள கேபிளைச் செருகியதும் போர்ட் ஒரு கணம் தோன்றி மறைந்துவிடும். பிரெய்ல் திரைகளுக்கான "பிஆர்எல்டிடிஒய்" என்ற சேவை அதைத் தன் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்வதே காரணம். அந்தக் கம்ப்யூட்டரில் பிரெய்ல் திரை பயன்படுத்துபவர் யாரும் இல்லையென்றால் அந்தச் சேவையை நீக்கிவிடலாம்.

போர்ட் சரி, ஆனாலும் பதில் இல்லை என்றால் அடுத்து பிளக். இந்த வகை ரேடியோக்களில் பெரும்பாலான தோல்விகள் இங்கேதான். 2.5 மில்லிமீட்டர் முள் ஒன்று, 3.5 மில்லிமீட்டர் முள் ஒன்று, இரண்டும் ஒரே பிளாஸ்டிக் தலையில். ரேடியோவின் உடல் ஜாக்கைச் சுற்றிக் கொஞ்சம் மேடாக இருப்பதால், அந்தத் தலையின் ஓரம் முட்டிக்கொண்டு நிற்கும். பார்வைக்கு முழுக்கச் செருகியதுபோலத்தான் இருக்கும். கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே, ரேடியோவில் இருப்பதைச் சர்ப்பில் வாசித்துப் பாருங்கள். அழுத்தும்போது வேலை செய்து, விட்டதும் நின்றால் நோய் பிடிபட்டுவிட்டது. கூரான கத்தியால் பிளக் தலையின் ஓரத்தை ஒரு மில்லிமீட்டர் போலச் செதுக்கினால் போதும். செதுக்க வேண்டியது பிளக்கைத்தான். ரேடியோவின் உடலில் கை வைக்காதீர்கள். தோல் உறையோ சிலிக்கோன் உறையோ போட்டிருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள்.

இதே ஜாக்கில்தான் மைக், ஸ்பீக்கர், பேசும் பொத்தான், டேட்டா எல்லாம் தொடுமுனைகளைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே பிளக் பாதி நின்றாலோ கேபிள் தப்பாக இணைக்கப்பட்டிருந்தாலோ, செருகியதுமே சிவப்பு விளக்கு எரிந்து ரேடியோ ஒலிபரப்பத் தொடங்கிவிடும். உடனே கேபிளை உருவுங்கள். ரேடியோவை அணைத்துவிட்டு, கேபிளை முழுக்கச் செருகி, பிறகு ஆன் செய்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் வராது.

கேபிளா ரேடியோவா என்ற சந்தேகம் தீரவில்லை என்றால் லூப்பேக் சோதனை, அதாவது அனுப்பியதே திரும்பி வருகிறதா என்று பார்க்கும் சோதனை, இருக்கிறது. கேபிளின் சிப் பலகையைத் திறக்க முடிந்தால், டிஎக்ஸ்டி (அனுப்பும்), ஆர்எக்ஸ்டி (பெறும்) முனைகள் இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்து, புட்டி (PuTTY) போன்ற சீரியல் டெர்மினல் மென்பொருளில் அந்தப் போர்ட்டைத் திறங்கள். அதன் அமைப்புகளில் லோக்கல் எக்கோவும் ஃபுளோ கன்ட்ரோலும் அணைந்திருக்க வேண்டும். தட்டும் எழுத்து திரையில் திரும்பி வந்தால் கம்ப்யூட்டர், டிரைவர், சிப் மூன்றும் நலம். இனி பார்க்க வேண்டியது வயரும் பிளக்கும் ரேடியோவும்தான்.

ரேடியோ பக்கத்தில்: பேட்டரி நன்றாகச் சார்ஜ் ஆகியிருக்கட்டும், ஸ்கேன் நிற்கட்டும், எஃப்எம் வானொலி அணைந்திருக்கட்டும், யாரும் பேசாத அமைதியான சானலில் இருக்கட்டும்.

தோல்வி எந்த இடத்தில் வருகிறது என்பதைக் கவனிப்பது பாதி வைத்தியம். யூவி-5ஆருடன் சர்ப் 9600 பாட் வேகத்தில் பேசுகிறது. முதலில் அந்த மாடலுக்கே உரிய 7 பைட் அழைப்பை அனுப்புகிறது. ரேடியோ ஒரே ஒரு பைட்டால் "சரி" என்கிறது. பிறகு தன் அடையாளத்தைச் சொல்கிறது. அதன்பின் 64 பைட் துண்டுகளாக வாசிப்பு, 16 பைட் துண்டுகளாக எழுதுதல். முன்னேற்றப் பட்டை அசையாமலே பிழை வந்தால் அழைப்பே போய்ச் சேரவில்லை அல்லது அழைப்பு தப்பு: போர்ட், பிளக், மாடல் இவற்றில் ஒன்று. பட்டை பாதி ஓடியபின் பிழை வந்தால் மாடல் சரி, டிரைவர் சரி; தளர்ந்த பிளக், பலவீனமான பேட்டரி, மின்சாரம் போதாத யூஎஸ்பி ஹப், பக்கத்திலேயே ஒலிபரப்பும் இன்னொரு ரேடியோ இவற்றைச் சந்தேகியுங்கள்.

மாடல் விஷயத்தில் வெளித்தோற்றத்தை நம்பக் கூடாது. ஒரே உறைக்குள் வெவ்வேறு பலகைகள் வருகின்றன. 3 என்ற விசையை அழுத்தியபடி ஆன் செய்தால் ஃபர்ம்வேர் (ரேடியோவுக்குள் இருக்கும் மென்பொருள்) பதிப்பு திரையில் வரும், ஆனால் சிலவற்றில் திரையில் தெரிவது ஒன்று, உள்ளே இருப்பது வேறு. அதனால்தான் எந்த ரேடியோவானாலும் முதலில் வாசிப்பு, அந்த இமேஜை (வாசித்தெடுத்த முழு நகலை) அப்படியே சேமிப்பு, பிறகே எழுதுதல் என்ற வரிசை. அந்த முதல் கோப்பில் எதையும் திருத்தாமல், ரேடியோவின் பெயரிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரேடியோவின் இமேஜை இன்னொன்றில் ஏற்றாதீர்கள். இரண்டையும் சர்ப்பில் திறந்து, சானல் வரிசைகளை மட்டும் நகலெடுத்து ஒட்டுங்கள். "பிற அமைப்புகளை அனுப்ப முடியவில்லை, ஃபர்ம்வேர் பொருந்தவில்லை" என்று வந்தால், வேறொரு ரேடியோவின் இமேஜை ஏற்றியிருக்கிறீர்கள் என்றே பொருள்.

சரி, எழுதி முடிந்தது, ஆனால் ரிப்பீட்டர் (நம் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) திறக்கவில்லை. இது கேபிள் கோளாறு அல்ல, ஆனாலும் பலர் கேபிளையே மாற்றுகிறார்கள். ரிப்பீட்டரைத் திறக்க, பேச்சோடு சேர்ந்து போகும் மெல்லிய ஒலிதான் டோன். சர்ப்பில் டோன் மோடு "டோன்" என்று இருந்தால் "டோன்" பத்தியில் உள்ள எண்தான் ஒலிபரப்பில் போகும். "டிஎஸ்க்யூஎல்" என்று இருந்தால் பக்கத்துப் பத்தி. மோடை "டோன்" என்று வைத்துவிட்டு எண்ணை அடுத்த பத்தியில் போட்டால், இயல்பாக இருக்கும் 88.5 ஹெர்ட்ஸ்தான் போய்க்கொண்டிருக்கும், ரிப்பீட்டர் கண்டுகொள்ளாது. ஆஃப்செட் (அனுப்பும், கேட்கும் அலைவரிசைகளுக்கு இடையிலான வித்தியாசம்) மெகாஹெர்ட்ஸில்: 600 கிலோஹெர்ட்ஸ் என்றால் 0.6, கூட்டலா கழித்தலா என்பது டூப்ளெக்ஸ் பத்தியில். ஏற்றிய சானலே காணோம் என்றால் ரேடியோ அலைவரிசை நிலையில் நிற்கிறது. விஎஃப்ஓ/எம்ஆர் பொத்தானை அழுத்தினால் வந்துவிடும். பெயருக்குப் பதில் எண் தெரிந்தால் மெனு 21, 22-ல் மாற்றிக்கொள்ளலாம். உரிமம் உள்ள அலைவரிசை தவிர மற்றவற்றை ஒலிபரப்பு முடக்கி, கேட்க மட்டும் வையுங்கள். டூப்ளெக்ஸில் "ஆஃப்" என்ற தேர்வு அதற்குத்தான்.

யாயேசு (Yaesu) நிறுவனத்தின் எஃப்டி-60 போன்ற ரேடியோக்களில் வரிசையே மாறும். ரேடியோவை எஃப்8 குளோன் (நகலெடுக்கும்) நிலைக்குக் கொண்டுவந்தபின், வாசிக்கும்போது சர்ப்பில் முதலில் ஓகே, பிறகு ரேடியோவில் பேசும் பொத்தானை ஒரு நொடி அழுத்த வேண்டும். எழுதும்போது தலைகீழ்: முதலில் மானிட்டர் பொத்தான், திரையில் ஆர்எக்ஸ் என்று வந்தபின் ஓகே. இதை மாற்றிச் செய்தால் எவ்வளவு நல்ல கேபிளிலும் தோல்விதான்.

எழுதும்போது நடுவில் அறுந்துபோய் ரேடியோ விநோதமாக நடந்துகொண்டால் பதற வேண்டாம். பேட்டரியைக் கழற்றி மாட்டி, சேமித்து வைத்த முதல் இமேஜை மீண்டும் ஏற்றுங்கள். அதுவும் முடியாதபோதுதான், யூவி-5ஆரில், மெனு 40-ல் முழு ரீசெட். அதற்குப் பிறகு ரேடியோ சீன மொழியில் பேசத் தொடங்கினால் மெனு 14-ல் மாற்றிக்கொள்ளலாம்.