சினை தங்காத மாட்டுக்கு ஹார்மோன் வைத்த அனுபவம்

மாடு பருவத்துக்கு ஒழுங்காக வரும், சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போடுவோம், 21 நாள் ஆனால் மறுபடி பருவத்துக்கு வந்து கத்தும். இதுவே தொடர்கதையாகிவிட்டது. பருவத்தில் வடியும் வழும்பு (கோழை) தெளிவாகத்தான் இருந்தது. ஊசியும் பருவம் தொடங்கி 12 மணி நேரம் வாக்கில்தான் போட்டோம். நல்ல கறவை, விற்க மனசு வரவில்லை.

ஹார்மோன் வைக்கலாமா என்று கேட்டதற்கு டாக்டர் உடனே தலையாட்டவில்லை. கருப்பையில் சீழ், புண் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். தீவனம், தாது உப்பு, மாடு இளைத்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்தார். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். முட்டைப்பை (முட்டை வளரும் கொப்புளம்) வெடித்து முட்டை வெளியேறிய இடத்தில் கார்பஸ் லூட்டியம் என்ற தற்காலிகச் சுரப்பி உருவாகி, சினையைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்ட்ரோனைச் சுரக்கிறது. ஆரம்ப நாட்களில் கருவுக்குக் கருப்பை ஊட்டம் தருவது இந்த ஹார்மோன் தயவில்தான். ஊட்டம் குறைந்தால் கரு சிறுத்துப்போகும். கரு இருப்பதைத் தாய்க்குத் தெரிவிக்க 16-ஆம் நாள் வாக்கில் கரு வெளியிட வேண்டிய இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதமும் போதாமல் போகும். உடனே கருப்பை புரோஸ்டாகிளாண்டின் என்ற ஹார்மோனை விட்டு கார்பஸ் லூட்டியத்தைக் கரைத்துவிடும், மாடு பருவத்துக்குத் திரும்பிவிடும். நிறையக் கறக்கிற மாடு நிறையத் தின்னும், கல்லீரலில் ரத்த ஓட்டமும் கூடும், ஹார்மோன் சீக்கிரம் அழியும். எங்கள் மாட்டின் சிக்கல் இதுவாக இருக்கலாம் என்றார்.

வழி இரண்டு. சினை ஊசி போட்ட 5-ஆம் நாள் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் ஊசியைக் கொடுத்தால், அப்போது வளர்ந்திருக்கும் முட்டைப்பையும் வெடித்து இன்னொரு கார்பஸ் லூட்டியம் கிடைக்கும். இல்லாவிட்டால் புரோஜெஸ்ட்ரோனைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் கருவியை யோனிக்குள் வைக்கலாம். நாங்கள் கருவிக்குச் சம்மதித்தோம். சினை ஊசியோடு சேர்த்து அன்றைக்கே வைத்துவிடலாமே என்றேன். கூடாதாம். முதல் இரண்டு மூன்று நாளிலேயே ஹார்மோன் ஏறினால் மாட்டின் சொந்த கார்பஸ் லூட்டியம் சீக்கிரமே தேய்ந்துவிட வாய்ப்புண்டு. அதனால் சில நாள் கழித்துத்தான் வந்தார்.

வைப்பது சில நிமிட வேலை. மாட்டின் அறையை (பிறப்புறுப்பை) கழுவித் துடைத்து, கருவியின் இரண்டு சிறகையும் மடக்கிக் குழலுக்குள் செருகி, வழுக்கும் ஜெல் தடவி உள்ளே தள்ளினார். சிறகு உள்ளே விரிந்து பிடித்துக்கொள்ள, நைலான் வால் மட்டும் வெளியே தொங்கியது. பக்கத்து மாடு வாலைக் கடித்து இழுத்துவிடும் என்று அதையும் குட்டையாக நறுக்கிவிட்டார். ஹார்மோன் தோல் வழியாக நமக்குள்ளும் போகும், கையுறை இல்லாமல் தொடக்கூடாது. கர்ப்பிணிகள் பக்கத்திலேயே போக வேண்டாம்.

கருவி உள்ளே இருக்கிற வரை மாடு கத்தவே இல்லை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அதில் அர்த்தமில்லை, சினை இல்லாத மாடும் அப்போது கத்தாது. எடுத்த பிறகு இரண்டு மூன்று நாள்தான் கவனிக்க வேண்டும், சினை இல்லையென்றால் பெரும்பாலும் அப்போது பருவம் காட்டிவிடும். எடுக்கும்போது கலங்கலாகக் கொஞ்சம் கோழை வந்தது. கருவி உரசியதால் வருவது, தானாக நின்றுவிட்டது.

எங்கள் மாடு பருவத்துக்கு வரவில்லை. 30-ஆம் நாள் ஸ்கேனில் கருவின் இதயத்துடிப்பு தெரிந்தது. அதற்குப் பிறகும் கரு கலைய வாய்ப்புண்டு என்பதால் 60 நாளில் இன்னொரு முறை கைவிட்டுப் பார்த்தார், சினை நின்றிருந்தது. கருவிதான் காரணமா, தீவனத்தைத் திருத்தியதா என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. டாக்டரும் சொல்லவில்லை. எல்லா மாட்டுக்கும் இது பலன் தராது என்று மட்டும் சொன்னார்.