செம்மண்ணும் வேப்பம்பிசினும்: பள்ளியில் வண்ணம் செய்து வரைந்த அனுபவம்

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, பிடித்ததை வரையுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், மலையிலிருந்து இறங்கும் ஆறு, கரையில் ஒரு குடிசை, பக்கத்தில் சாய்ந்த தென்னை மரம். வகுப்பு மாறினாலும் வருடம் மாறினாலும் இந்தப் படம் மட்டும் மாறாது. எங்கள் பள்ளி இருப்பது கிருஷ்ணகிரி மாவட்டத்தில், பர்கூர் பக்கம். ஜன்னலைத் திறந்தால் தெரிவது குண்டுக்கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் கரடு. அந்த முக்கோண மலையை இந்தப் பிள்ளைகள் எங்கேயும் பார்த்ததில்லை. ஆனாலும் கை தானாக அதைத்தான் போடும்.

நான் அறிவியல் ஆசிரியை. எங்கள் நடுநிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியர் பணியிடம் கிடையாது. கால அட்டவணையில் கலைக்கு என்று ஒரு பாடவேளை இருக்கும். பாடம் முடியாத யாராவது அதைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அதை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று தலைமையாசிரியரிடம் கேட்டபோது, "பொருள் வாங்க நிதி ஒன்றும் இல்லையே டீச்சர்" என்றுதான் முதலில் சொன்னார். அவர் சொன்னதும் சரிதான். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு அரசு கிரேயான் கொடுக்கிறது. மூன்றிலிருந்து ஐந்து வரை வண்ணப் பென்சில். ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டால் ஜியோமெட்ரி பாக்ஸ்தான். வாட்டர் கலர் வாங்கச் சொன்னால் நாலு பேர் வாங்குவார்கள், மற்றவர்கள் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். அப்படி ஒரு வகுப்பை நடத்த எனக்கு மனம் வரவில்லை. எல்லோருக்கும் காசில்லாமல் கிடைப்பது எது என்று யோசித்தபோது மண்தான் நினைவுக்கு வந்தது.

அவரவர் ஊரிலிருந்து ஒரு கைப்பிடி மண் கொண்டு வாருங்கள் என்று சொன்னேன். மறுநாள் பழைய பால் கவரிலும் மிட்டாய் டப்பாவிலும் வந்து குவிந்தது. செம்மண் என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, பக்கத்துப் பக்கத்து ஊர் மண்ணே ஒன்றுபோல் இல்லை. ஒன்று செங்கல் நிறம், ஒன்று காப்பிப்பொடி நிறம். ஏரி வண்டல் சாம்பல் கலந்த கறுப்பு. கிணறு வெட்டிய இடத்திலிருந்து ஒரு பையன் கொண்டுவந்தது நல்ல மஞ்சள். புற்றுமண் கொண்டுவரச் சொன்ன பெண் மட்டும் வெறுங்கையோடு வந்தாள். "அது அம்மன் இருக்கிற இடம் டீச்சர், தொடக்கூடாதுன்னு ஆயா சொல்லிருச்சு" என்றாள். சரி, அது வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அந்த வீட்டு நம்பிக்கையை மிதித்துக்கொண்டு ஒரு நிறம் எடுக்க வேண்டியதில்லை.

மண்ணை அப்படியே தண்ணீரில் கரைத்துப் பூசினால் வண்ணம் ஆகாது. மணலும் சரளையும் காகிதத்தைக் கீறும், காய்ந்தால் உதிரும். அதை அரித்து எடுக்க வேண்டும். ஒரு வாளியில் மண்ணைப் போட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கி, மூச்சு இழுத்து விடும் நேரம் விட்டால் மணல் அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் கலங்கல் தண்ணீரைத்தான் இன்னொரு வாளிக்கு மாற்ற வேண்டும். அதை மறுநாள் வரை அசைக்காமல் வைத்தால் அடியில் களிபோல் படியும். தெளிந்த தண்ணீரை மெதுவாகச் சாய்த்துவிட்டு, அந்தக் களியைத் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தால் பாளம் பாளமாகக் காயும். விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் முகத்துக்குப் போடும் பவுடர் அளவுக்கு நைசாக இருக்க வேண்டும். நறநறவென்று இருந்தால் இன்னொரு தடவை அரிக்க வேண்டியதுதான்.

காய்ந்த மண்ணையோ கல் தூளையோ பிள்ளைகளை வைத்து உலர இடிக்கவோ சலிக்கவோ வேண்டாம். கல் தூசு நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும் என்று குவாரி வேலைக்குப் போகும் குடும்பங்களுக்குத் தெரியும். எங்கள் பள்ளியில் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் எல்லா வேலையும் ஈரத்தில்தான். பாளத்தை நுணுக்கும்போதும் தண்ணீர் தெளித்து அம்மியில் அரைத்தோம்.

இந்த இடத்தில் அந்த மஞ்சள் மண்ணைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பள்ளிக்குப் பின்னால் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, பழைய இரும்புத் தோசைக்கல்லைப் போட்டு, அரித்துக் காயவைத்த மஞ்சள் மண்ணை அதில் பரப்பினேன். பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளி நிற்க வைத்தேன். முதலில் ஒன்றும் ஆகவில்லை. கிளறக் கிளற, கல்லின் நடுவில் பட்ட மண் மட்டும் ஆரஞ்சுக்கு மாறியது. பிறகு அது பரவி, ஓரத்தில் மஞ்சள், அதற்குள் ஆரஞ்சு, நடுவில் சிவப்பு என்று மூன்று வளையம் தெரிந்தது. "யாரும் எதுவும் போடலையே டீச்சர்!" என்று ஒரு பையன் கத்தினான். மஞ்சள் மண்ணில் இருப்பது நீர் சேர்ந்த இரும்பு ஆக்சைடு. சூட்டில் அந்த நீர் போனால் சிவப்பாகிவிடும். செங்கல் சூளையில் நடப்பதன் ஒரு பகுதியும் இதுதான். பாடப்புத்தகத்தில் ஆக்சைடு என்ற சொல்லைப் பல தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் போல அவர்கள் முகத்தில் ஒரு நாளும் வெளிச்சம் பார்த்ததில்லை.

இரும்பு என்றதும் ஒரு பெண் மயிலாடும்பாறையைக் கேட்டாள். தொகரப்பள்ளி பக்கம் இருக்கும் அந்த இடத்தில் அகழாய்வில் கிடைத்த மாதிரிகள் பொ.ஆ.மு. (கி.மு.) 2172 என்று காலக்கணிப்பு ஆகி, தமிழ்நாட்டில் இரும்பின் பழமை 4,200 ஆண்டு என்று 2022 மே மாதம் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள் அல்லவா, அதனால் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் பழக்கம். நாம் வாளியில் கரைக்கிற சிவப்பும் இரும்புதான் என்று சொன்ன பிறகு மண்ணை அவர்கள் கையில் எடுக்கும் விதமே வேறாகிவிட்டது.

மற்ற நிறங்கள் சீக்கிரம் கிடைத்தன. கறுப்புக்குக் கொட்டாங்குச்சிக் கரி. வெள்ளைக்குக் கல்லரைத்த கோலமாவு, அதையும் நனைத்து அரைத்தது. சுண்ணாம்பு இன்னும் நன்றாக இருக்கும், ஆனால் கண்ணில் தெறித்தால் ஆபத்து. தண்ணீர் விட்டு நீற்றிய சுண்ணாம்பைக் கூட நான் மட்டும்தான் கையாண்டேன். மஞ்சள்தூளில் ஒரு துளி சுண்ணாம்பு சேர்த்து ஆரத்திச் சிவப்பை வரவழைத்துக் காட்டினேன். ஆனால் வெயில் பட்டால் மஞ்சள் வெளுத்துவிடும், இலைச்சாற்றுப் பச்சையும் நிற்காது. நிற்பது மண்ணும் கல்லும் கரியும்தான். நீலம் கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். நீலம் இல்லாததால்தான் ஆறும் வானமும் அந்தப் பழைய படமும் காணாமல் போயின என்று இப்போது நினைக்கிறேன்.

இந்தத் தூள் உதிராமல் ஒட்டி நிற்கப் பிசின் சேர்க்க வேண்டும். பிசின் விஷயத்தில் கவனம் வேண்டும். வேப்பம்பிசினும் கருவேலம்பிசினும் மரத்திலிருந்தே பிள்ளைகள் எடுத்து வந்தார்கள். போதாததை நாட்டு மருந்துக் கடையில் வாங்கினேன். ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் பழைய வேட்டித் துணியில் பிழிந்து எடுத்தால் தேன் பதத்தில் வரும். பிசின் கூடினால் காய்ந்தபின் வண்ணம் வெடித்துச் செதிலாக எழும்பும். குறைந்தால் விரல் பட்டதும் தூளாக ஒட்டிக்கொள்ளும். அளவை நான் சொல்லவில்லை. ஒவ்வொரு குழுவும் தாளில் பட்டை பட்டையாகப் பூசி, காயவிட்டு, விரலால் தேய்த்துப் பார்த்து, தங்கள் மண்ணுக்கு ஏற்ற அளவை எழுதிக்கொண்டது. களிமண் அதிகம் உள்ள மண் பிசினைக் கூடுதலாகக் கேட்கும், கரி இன்னும் கேட்கும். ஊறவைத்த பிசின் இரண்டு நாளில் வாடை அடிக்கும். அதனால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்குவது நல்லது.

தூரிகைக்கு வேப்பங்குச்சியின் நுனியைக் கடித்து நாராக்கிக்கொண்டார்கள். பெரிய பரப்புக்குத் தென்னம்மட்டையை நசுக்கிய மட்டை. பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்த பிள்ளைகளுக்கு அதை நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

காகிதத்தில் மண் வண்ணம் சுருங்கியது. அட்டையிலும் அப்படித்தான். அப்போது கிரானைட் பாலிஷ் போடும் இடத்தில் வேலை செய்யும் ஒரு அப்பா, "துண்டுக்கல் மலையாக் கிடக்குது டீச்சர், வேணும்னா சொல்லுங்க" என்றார். வெளிநாட்டுக்குப் போகிற கல்லை அறுக்கும்போது ஓரத்தில் கழித்துப் போடுவது. அவரே கூர்விளிம்பைத் தேய்த்து மழுக்கி, ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். பாலிஷ் ஏறிய பக்கத்தில் வண்ணம் பிடிக்காது, சொரசொரப்பான பக்கத்தில் நன்றாகப் பிடிக்கும். காலில் போட்டுக்கொள்ளாமல் இருக்க எல்லோரையும் தரையில் உட்கார வைத்துத்தான் வேலை.

வரைவதற்கு முன்பு ஒரு சனிக்கிழமை, பெற்றோரிடம் ஒப்புதல் கடிதம் வாங்கிக்கொண்டு, பழைய பாறை ஓவியங்கள் இருக்கும் மல்லபாடிக்கு அழைத்துப் போனேன். பாறை ஒதுங்கலில் வெள்ளை நிறத்தில் குதிரைமேல் இருந்து மோதும் உருவங்கள். சூளகிரி பக்கம் மல்லசந்திரத்தில் கல்திட்டைகளுக்குள்ளேயும் (பலகைக் கற்களால் கட்டிய பழங்கால ஈமச்சின்னங்கள்) வெள்ளை ஓவியங்கள் உண்டு. நம் மாவட்டத்தில் இப்படி நிறைய இருக்கின்றன. தொடக்கூடாது, தண்ணீர் தெளித்துப் பார்க்கக்கூடாது, சாக்பீஸால் கோடு தீட்டக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் கூட்டிப்போனேன். சில இடங்களில் காதலர் பெயரைப் பெயின்டில் எழுதி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், நெஞ்சு கொதிக்கும். வண்ணம் செய்து பார்த்த பிள்ளைகள் கேட்ட கேள்விகள் வேறு மாதிரி இருந்தன. "பிசின் போட்டிருப்பாங்களா?" "மழை படாத பக்கமாப் பார்த்து வரைஞ்சிருக்காங்க இல்ல?" ஒரு பையன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "காது, மூக்கு ஒண்ணும் போடல. ஆனா குதிரைன்னு தெரியுது" என்றான். ஓவிய வகுப்பில் நான் சொல்ல நினைத்த பாடம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

அப்புறம்தான் கல்லில் வரைந்தோம். கரும் கல்லில் வெள்ளையைத் தீட்டிய பெண் அழும் நிலைக்கு வந்துவிட்டாள். ஈரத்தில் அந்த வெள்ளை கண்ணுக்கே தெரியவில்லை, வெறும் தண்ணீர் தடவிய மாதிரிதான் இருந்தது. மேலே மேலே பூசப் போனவளை நிறுத்தி, கொஞ்சம் காயட்டும் பார் என்றேன். ஓரத்திலிருந்து காய ஆரம்பித்தது. கோட்டின் விளிம்பு முதலில் மங்கலாக வெளுத்து, அது உள்நோக்கி நகர்ந்து, ஒரு மாட்டின் கொம்பு, கழுத்து, முதுகு என்று கல்லுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். அன்று முதல் யாரும் அவசரப்படவில்லை. தீட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

என்ன வரைந்தார்கள்? எருது விடும் விழாவில் கொம்பில் அலங்காரத் தட்டி கட்டிய காளை ஓடுகிறது, பின்னால் குச்சி குச்சியாக மனிதர்கள். மாமரத்தில் வலைகட்டிய தொரட்டியோடு ஒருவர். டிப்பர் லாரி. ராகி அடிக்கும் களம். கரட்டை வரைந்த ஒரு பையன் உருண்டையான கல்லை ஒவ்வொன்றாக அடுக்கியே போட்டிருந்தான். முக்கோண மலை ஒன்றுகூட இல்லை. நான் அதைப் போடாதே, இதைப் போடு என்று யாரிடமும் சொல்லவில்லை. குச்சித் தூரிகையில் ஒரு கோடு போட நேரம் எடுக்கும், வண்ணமும் கொஞ்சம்தான் இருக்கும்; எதைப் போடலாம் என்று யோசிக்காமல் கை ஓடாது. வரையத் தெரியாது என்று ஒதுங்குகிற பிள்ளைகள் மண் அரிப்பதிலும் பிசின் பதம் பார்ப்பதிலும் முன்னால் வந்தார்கள் என்பதுதான் எனக்கு இதில் பெரிய சந்தோஷம். எப்போதும் கடைசி பெஞ்சில் இருப்பவன்தான் எங்கள் வகுப்பின் பிசின் பொறுப்பாளர். அவன் விரலில் தொட்டுப் பார்த்துச் சொன்னால் அதுதான் கணக்கு.

இந்த வேலை போட்டிக்கு ஒத்துவராது. 2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத்திருவிழா நல்ல விஷயம்; எங்கள் பிள்ளைகளும் களிமண் பொம்மைக்குப் போகிறார்கள். ஆனால் குறித்த நேரத்தில் முடிக்க வேண்டிய மேடையில் வெள்ளை காயும்வரை காத்திருக்க முடியாது. அதற்குத் தனி, இதற்குத் தனி என்றே வைத்திருக்கிறேன்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தன்று கற்களைத் தாழ்வாரத்தில் சுவரோரம் சாய்த்து வைத்தோம். ஒரு பாட்டி கீழே உட்கார்ந்து கோட்டை உற்றுப் பார்த்துவிட்டு, செம்மண்ணில் சாணியும் கொஞ்சம் கஞ்சித்தண்ணீரும் சேர்த்துக் குழைத்தால் சுவரில் உதிராது என்று சொல்லிக் கொடுத்தார். அடுத்த வாரமே அவரை வகுப்புக்கு வரவழைத்தோம். சமையலறைப் பக்கச் சுவர் இப்போது அவர் சொன்ன பக்குவத்தில்தான் இருக்கிறது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் யாராவது தொடங்குவதாக இருந்தால் பிசினை முதலில் பாருங்கள். கோடையில்தான் மரத்தில் நன்றாக வடியும், அதனால் முழு ஆண்டுத் தேர்வு முடியும்போதே பிள்ளைகளிடம் சொல்லி வைத்துவிடுங்கள். மண் அரிப்பதை ஜூன், ஜூலையில் முடித்துக்கொண்டால் நல்லது. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தட்டில் ஊற்றிய களி காயவே காயாது. காய்ந்த பாளத்தை மூடி போட்ட டப்பாவில், எந்த ஊர் மண் என்று எழுதி வைத்தால் அடுத்த வருடத்துக்கும் வரும்.