டாங்கிக்கு ஸ்போக்ஸ் கம்பி

மே 4, 2024, சனி
அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்சிருச்சு, வெளிய தலைகாட்ட முடியல, அதனால பள்ளத்தூர்ல அப்பத்தா வீட்டு வளவுலயே உக்காந்து ரிமோட் டாங்கி வேலை. ரஷ்யாக்காரங்களோட போர் டாங்கி டி-72தான், ஆவடியில அஜேயான்னு பேர் வச்சு செஞ்சாங்கல்ல அது, 16-ல ஒரு பங்கு அளவு. 43 செ.மீ. பிளைவுட் உடம்பு, மோட்டார், சக்கரத்த சுத்தி ஓடுற டிராக் பட்டை எல்லாம் ரெடி. சக்கரத்த ஆடாம அசையாம இறுக்கிட்டு ஓட்டுனேன், ஆத்தங்குடி கல்லுல சும்மா வழுக்கிட்டு போச்சு, பின்கட்டு செம்மண்ணுல இறக்குனா நாலு சக்கரம் தரையில மீதி எட்டு அந்தரத்துல. சஸ்பென்ஷன் இல்லாம ஆகாது.

மே 5, ஞாயிறு
ஷெர்மன் டாங்கில ரெண்டு ரெண்டு சக்கரத்த ஒரே சட்டத்துல கோத்த போகி இருக்கும், ஸ்பிரிங்கும் அதுலயே, கழட்டி மாட்ட லேசு. ஆனா டி-72ல அத மாட்டுனா பட்டு வேட்டிக்கு ஷூ போட்ட கதைதான். அடுத்து கிறிஸ்டின்னு ஒரு வகை, ரஷ்யாவோட பழைய டி-34ல இருந்தது, சக்கரத்துக்கு ஒரு காயில் ஸ்பிரிங் உடம்புக்குள்ள நிக்கும். பேனா ஸ்பிரிங்க வச்சு ரெண்டு சக்கரத்துக்கு செஞ்சு பாத்தேன், பேட்டரிய வச்சதும் மொத்தமா அமுங்கிருச்சு. பெரிய ஸ்பிரிங் போட்டா பேட்டரிக்கே இடம் இல்ல. நிஜ டாங்கிலயும் இதே இடப் பிரச்சினதான், டி-44ல ரஷ்யாக்காரங்களே டார்ஷன் பாருக்கு, அதாவது ஸ்பிரிங்குக்கு பதிலா முறுக்கிக்கிற கம்பிக்கு மாறிட்டாங்க. டி-72லயும் அதான். மொதல்லயே அதுக்கு போயிருக்கலாம், கம்பிய முறுக்குறதெல்லாம் நம்மளால ஆகுமான்னு ஒரு பயம்.

மே 11, சனி
காரைக்குடில சைக்கிள் கடை அண்ணன்ட்ட ஸ்போக்ஸ் கம்பி 12 வாங்குனேன். "எந்த சைக்கிளுக்கு தம்பி?"ன்னாரு, டாங்கிக்குன்னேன், வண்டி டேங்க்னு நெனச்சுகிட்டு அதுக்கு எதுக்கு ஸ்போக்ஸ்னு அங்கன இருந்த எல்லாரையும் கூப்ட்டு கேக்குறாரு.

வெர்னியர்ல அளந்தா கம்பி தடிமன் சரியா 2 மி.மீ. ஈரத்துணிய பிழியற மாதிரிதான் வேலை செய்யுது, சக்கரத்தையும் கம்பியையும் சேக்குற கை மேல ஏறுனா கம்பி முறுக்கிக்கும், விட்டா திரும்பிரும். டாங்கி 5 கிலோ, சக்கரத்துக்கு 400 கிராம் சொச்சம். கை 3 செ.மீ., முறுக்குற நீளம் 18 செ.மீ.ன்னா 5 மி.மீ. எறங்கும், கணக்குலயும் அதான் ஸ்கேல்லயும் அதான். இதுல வெளையாடுறது தடிமன்தான், வெறைப்பு அதோட நாலாவது அடுக்குல ஏறும். 3 மி.மீ. கம்பி போட்டா அஞ்சு மடங்கு வெறைப்பு, சஸ்பென்ஷன் இருக்குறதும் ஒண்ணு இல்லாததும் ஒண்ணு. 1.5 போட்டா வயிறு தரைய தொடும். (நிஜ டாங்கி 41 டன்னு, 16-அ மூணு தடவ பெருக்குன 4096-ஆல வகுத்தா 10 கிலோ வரணும், என்னோடது பாதிதான். அதனால படத்தப் பாத்து கம்பி அளவு எடுக்குறது வேஸ்ட்.)

மே 18, சனி
ஒரு வாரமா தலவலி. உருட்டு கம்பிய ஸ்க்ரூ போட்டு இறுக்குனா ரெண்டு நிமிஷத்துல வழுக்குது, பசையும் நிக்கல. கடைசில ரெண்டு முனையவும் "ட" மாதிரி வளச்சு ஒண்ண கையில வெட்டுன காடியில, இன்னொண்ண எதிர்ப்பக்க சட்டத்துல சொருவுனேன், அசையல.

அடுத்த கூத்து, பிரேக் போட்டா டாங்கி பூம்பூம்மாடு மாதிரி தலையாட்டுது. நிஜத்துல 1, 2, 6-வது சக்கரத்துக்கு மட்டும் ஆட்டத்த அடக்குற டேம்பர் உண்டு, நானும் அந்த மூணுல கைக்கும் உடம்புக்கும் நடுவுல பழைய சைக்கிள் டியூப வட்டமா வெட்டி வச்சேன். உரசுது, ஆட்டம் நின்னுச்சு.

மே 26, ஞாயிறு
அடுப்படி நிலைப்படி ரெண்டு வெரக்கட ஒசரம். மொத தடவ டிராக் கழண்டுச்சு, சக்கரம் மேல போனதும் தொளதொளன்னு ஆகுது, அப்பறம் டிராக்க இழுத்துப் பிடிக்கிற முன் சக்கரத்த கொஞ்சம் முன்னாடி தள்ளி இறுக்குனேன். அடுத்த தடவ ஒவ்வொரு சக்கரமா ஏறி எறங்குச்சு, மரவட்ட போற மாதிரி.

அப்பத்தா குனிஞ்சு பாத்துட்டு, "ஏப்பா, இந்தப் பக்கச் சக்கரமும் அந்தப் பக்கச் சக்கரமும் நேரா இல்லயே, கோணலால்ல வச்சிருக்க." ஒரு பக்கத்துலருந்து மறு பக்கம் வரைக்கும் கம்பி போகுதுல்ல, ரெண்டு கம்பி ஒரே எடத்துல போக முடியாது, ஒண்ணு கொஞ்சம் தள்ளித்தான் போகணும், நிஜ டாங்கியும் அப்பிடித்தான்னு போட்டோவ காட்டுனேன். கண்ணாடிய போட்டு ரெண்டையும் மாறி மாறி பாத்தாங்க.

"அவனும் கோணலாத்தான் வச்சிருக்கான்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க.